அசாசின்ஸ் கிறீட் 2: வன்னியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

இது என்ன கேம்? இவ்வளவு பழசை இப்ப ஏன் விளையாட வேணும்?

யுபிசொஃப்டின் மொன்ட்ரியல் ஸ்டூடியோ செய்த கேம். 2009 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3க்கும் எக்ஸ்பொக்ஸ் 360க்கும் வந்தது, கணினிக்கு 2010 மார்ச்சில். கதை நடப்பது 1476 முதல் 1499 வரையான இத்தாலியில். புளோரன்ஸ் வங்கிக்காரர் ஒருவரின் மகன் எசியோ ஔடிட்டோரே. தகப்பனும் இரண்டு சகோதரங்களும் தூக்கில் போடப்படுகிறார்கள். அதற்குப் பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போவதுதான் கதை.

அந்த நவம்பரில் வன்னிச் சனத்தில் கணிசமானவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தார்கள். உலகம் விளையாடியபோது எங்கள் பக்கம் விளையாடவில்லை. பிந்தி வந்ததில் ஒரு இலாபமும் உண்டு: அன்று பெரிய கணினி கேட்ட கேம் இன்று பழைய லப்டொப்பிலேயே ஓடும்.

சுருக்கமாச் சொல்லுங்கோ, நல்லதா கூடாதா?

ஒளிந்து போவதற்கு வழியை அள்ளிக் கொடுத்துவிட்டு, ஒளிய வேண்டிய தேவையைக் கொடுக்க மறந்த கேம். ஒளிய ஆசைப்படுபவருக்கு இது விருந்து. கேமே வற்புறுத்தட்டும் என்று காத்திருப்பவர், பத்து மணித்தியாலத்தில் வாளைத் தூக்கிக்கொண்டு தெருவால் நடந்து போய் எல்லாரையும் வெட்டிக்கொண்டிருப்பார். பிறகு அலுப்படித்து விட்டுவிடுவார். கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றியதுதான்.

எங்கட லப்டொப்பில ஓடுமா?

அதிகாரபூர்வமாகக் கேட்கும் குறைந்தபட்சம்: கோர் 2 டுவோ 1.8 கிகாஹேர்ட்ஸ், விண்டோஸ் 7இல் 2 ஜிபி ரம், 256 எம்பி கிராபிக்ஸ் கார்ட், 8 ஜிபி இடம். கடைகளில் செகண்ட் ஹாண்டாக வரும் ஐ3, ஐ5 லப்டொப்புகள் இதைத் தாண்டியவை. தனிக் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் திரை அளவை 1280க்கு 720 ஆகக் குறைத்து, முதலில் அன்டி-அலியாசிங்கை (விளிம்புகளை வழுவழுப்பாக்கும் வசதி) நிறுத்துங்கள், அடுத்ததாக நிழலைக் குறையுங்கள். அதற்குப் பிறகும் இழுத்தால்தான் மற்றவற்றில் கைவையுங்கள்.

பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு இழுக்கத் தொடங்கினால் அது கேமின் பிழை அல்ல, சூடு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, மெத்தையில் வைத்து விளையாடினால் காற்றுப்போகும் வாய் அடைபடும். சூடு ஏறியதும் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பலகையில் வையுங்கள், பின்பக்கத்தை ஒரு புத்தகத்தால் இரண்டு விரல் உயர்த்துங்கள். கிரவல் ரோட்டோரம் வீடென்றால் விசிறிக்குள் புழுதி கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். கழற்றித் துப்புரவாக்காமல் செற்றிங்கைக் குறைத்து வேலையில்லை.

இணையம் இல்லாமல் விளையாடலாமா?

இந்தக் கேமுக்கு மிகக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த விஷயம் இது. 2010இல் கணினிப் பதிப்பு வந்தபோது விளையாடும் நேரம் முழுக்க இணைய இணைப்பு இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். இணைப்பு அறுந்தால் கேம் அப்படியே நின்றுவிடும். வந்த கொஞ்ச நாளிலேயே நிறுவனத்தின் சேர்வர்கள் தாக்கப்பட, காசு கொடுத்து வாங்கியவர்களால் உள்ளே போக முடியவில்லை. பிறகு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, தொடங்கும்போது மட்டும் சரிபார்க்கும்படி மாற்றினார்கள்.

நடைமுறையில்: இறக்குவதற்கு இரவு டேட்டாவைப் பாவியுங்கள். விளையாடத் தொடங்கும் நேரம் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு உள்ளே போங்கள். ஸ்டீமில் வாங்கினாலும் யுபிசொஃப்ட் கணக்கு ஒன்று தேவை. அதன் கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதி வையுங்கள், மறந்தால் பெரிய சள்ளை. வங்கி அட்டையால் வாங்கும்போது மறுக்கப்பட்டால், வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு அந்த அட்டைக்குத் திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள்.

இடையில கரண்ட் போனா?

கேம் தானாகவேதான் சேமிக்கும். நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமிக்கும் வசதி இல்லை. மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். நடுப் பணியில் கரண்ட் போனால் கடைசிச் சோதனைப் புள்ளிக்குத் திரும்ப வேண்டிவரும், அவ்வளவுதான். ஆனால் சேமிப்பு அடையாளம் திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் போனால் சேமித்த கோப்பே பழுதாகலாம். சேமிப்புக் கோப்புறையை வாரத்துக்கொருமுறை பென் டிரைவில் நகலெடுத்து வைப்பது நல்லது.

திரையில தலை, கை, கால் படம்தான் வருது. எந்தப் பொத்தானை அமத்துறது?

கணினியில் தொடங்கும் எல்லாரும் தடுக்கி விழும் இடம். எந்த எழுத்தை அமத்த வேண்டும் என்று கேம் சொல்லாது, உடம்பின் எந்தப் பகுதி என்றுதான் காட்டும். மாற்றாத அமைப்பில் இப்படி: தலை என்றால் ஈ, வெறுங்கை என்றால் ஷிஃப்ட், ஆயுதக் கை என்றால் மவுசின் இடது பொத்தான், கால் என்றால் ஸ்பேஸ். மவுசின் வலது பொத்தானைப் பிடித்திருந்தால் ‘ஹை புரொஃபைல்’, அதாவது மற்றவர் கண்ணில் படும்படியான வேகமான செயல்கள். விட்டால் அமைதியானவை.

இதை ஒரு துண்டில் எழுதித் திரையோரம் ஒட்டுங்கள். இரண்டாம் நாளே துண்டு தேவைப்படாது. யோசித்துப் பார்த்தால் இது கெட்டித்தனமான ஏற்பாடு. ஒரே வெறுங்கைப் பொத்தான் வலது பொத்தான் இல்லாமல் ஆளை மெதுவாக விலக்கும், வலது பொத்தானோடு பிடித்துத் தள்ளும். கண்ணில் படுவதா வேண்டாமா என்பதை உங்கள் விரலே ஒவ்வொரு நொடியும் தீர்மானிக்கிறது. இவ்வளவு நல்ல யோசனையை விளக்காமலே விட்டதுதான் குறை.

நேரே ஓடச் சொன்னா எங்கேயோ பாய்ஞ்சு செத்துப்போறான்?

வலது பொத்தான், ஸ்பேஸ் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் எசியோ எதிர்ப்படும் எல்லாவற்றிலும் தானாக ஏறுவான், பாய்வான். திசையை எடுப்பது நீங்கள் கமராவைத் திருப்பி வைத்திருக்கும் பக்கத்திலிருந்து. கமரா கொஞ்சம் சரிந்திருந்தாலும் பக்கத்துச் சுவருக்குப் பாய்ந்துவிடுவான்.

கூரையின் விளிம்புக்கு வரும்போது ஸ்பேஸை விடுங்கள். கமராவை இலக்கின் மேல் நேராக வையுங்கள். அதற்குப் பிறகே திரும்பப் பிடியுங்கள். தவறி விழும்போது ஷிஃப்டைப் பிடித்தால் பக்கத்தில் இருக்கும் விளிம்பைப் பற்றிக்கொள்வான். இந்த ஒன்றைத் தெரியாமல் கேமையே திட்டுபவர்கள் நிறைய.

வெனிஸில ஒரு கட்டிடத்தில பாதியில நிக்கிறான், மேல ஏறமாட்டானாம்?

இரண்டு பிடிகளுக்கு இடையே இடைவெளி கூட. அங்கே தொங்கியபடி மேல்நோக்கித் துள்ளிப் பிடிக்க வேண்டும். ரோசா என்ற திருடி பிராரி தேவாலயத்தில் கற்றுக்கொடுக்கும் வித்தை அது. அவள் பாடம் எடுக்கும் முன்னர் எவ்வளவு முயன்றாலும் வராது. கற்ற பிறகு: வலது பொத்தானைப் பிடித்தபடி மேல்திசையோடு ஸ்பேஸ், துள்ளியதும் உடனே ஷிஃப்டைப் பிடித்திருங்கள். ஷிஃப்ட் பிந்தினால் கீழேதான்.

ஒளியிறது எப்படி? குனியிற பொத்தான் எங்க?

குனிய முடியாது. இந்தக் கேமில் ஒளிவது என்றால் சனத்துக்குள் கரைவது. முதல் கேமில் துறவிகளோடு சேர்ந்து நடந்தால்தான் மறையலாம். இங்கே நாலு பேர் நிற்கும் எந்தக் கூட்டத்துக்குள் புகுந்தாலும் மறைந்துவிடலாம். வற்றாப்பளைப் பொங்கலில் ஒரு ஆளைத் தேடிப் பார்த்தவர்களுக்கு இது ஏன் வேலை செய்கிறது என்று விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கூட்டம் இல்லாத இடத்தில் 150 ஃபுளோரின் கொடுத்து மூன்று வகை ஆட்களைப் பிடிக்கலாம். கணிகையர் உங்களைச் சுற்றி நடந்து மறைப்பார்கள், காவலரைக் கதையில் மயக்கிப் பிடித்தும் வைப்பார்கள். திருடர்கள் கூரைமேலும் உங்கள் பின்னால் ஓடிவருவார்கள். கூலிப்படையினர் நேரே சண்டைக்குப் போவார்கள். ஒளிந்து விளையாடுபவருக்கு முதல் வகையே போதும். அவ்வளவு காசில்லாவிட்டால் கொஞ்சச் சில்லறையை நிலத்தில் எறியுங்கள். சனம் பொறுக்க ஓடிவந்து காவலரின் வழியை அடைக்கும்.

வைக்கோலுக்குள் பாய்ந்தும் ஒளியலாம். ஆறுமாடிக் கோபுரத்திலிருந்து ஒரு வண்டில் வைக்கோலுக்குள் குதித்து உயிரோடு எழும்புவதை நெற்சூடு மிதித்த எவரும் நம்பமாட்டார், அதை விடுங்கள். கவனிக்க வேண்டியது நீண்ட ஈட்டி வைத்திருக்கும் ‘சீக்கர்’ காவலரை. அவர்கள் மட்டும் வைக்கோலைக் குத்திப் பார்ப்பார்கள். அவர்கள் நிற்கும் தெருவில் வைக்கோலை நம்பவேண்டாம், ஆட்கூட்டத்தை நம்புங்கள்.

மேல மூலையில சிவப்பு ஏறிக்கொண்டே போகுது, எப்படிக் குறைக்கிறது?

அது உங்கள் கெட்ட பெயரின் அளவு. நிறைந்துவிட்டால் காவலர் தூரத்திலேயே அடையாளம் காண்பார்கள். சுவரில் ஒட்டிய உங்கள் அறிவித்தல் ஒன்றைக் கிழித்தால் 25 சதவீதம் குறையும். தெருவில் கூவும் அறிவிப்பாளருக்கு 500 ஃபுளோரின் கொடுத்தால் 50. பொய்ச்சாட்சி சொல்லும் அதிகாரியைக் கொன்றால் 75. அறிவித்தல்கள் பெரும்பாலும் கூரையோரங்களில் இருக்கும். போகிற வழியில் இரண்டைக் கிழித்துக்கொண்டு போனாலே சமாளிக்கலாம்.

சண்டை ஏன் இவ்வளவு லேசா இருக்கு?

எதிரிகள் முறை வைத்து வருவதால். எட்டுப்பேர் சுற்றி நின்றாலும் ஒருவர்தான் அடிப்பார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வலது பொத்தானால் தடுத்தபடி நின்று, அவர் அடிக்கும் கணத்தில் இடது பொத்தானை அமத்தினால் அந்த ஆள் முடிந்தான். அடுத்தவர் வருவார், அதே கதை. கவசம் போட்ட பெரிய ‘புரூட்’ ஆட்களுக்கு இது சுலபமாகச் சரிவராது. அவர்களிடம் வெறுங்கையோடு நின்று அவர்களுடைய ஆயுதத்தையே பறியுங்கள். புகைக்குண்டு போட்டால் அதுவும் தேவையில்லை. எல்லாரும் இருமிக்கொண்டு நிற்க, மறைகத்தியால் வரிசையாக முடிக்கலாம்.

இது கேமின் மிகப் பெரிய பலவீனம். பிடிபட்டால் தண்டனை இல்லை என்றால் யார் ஒளிவார்? மருந்தும் மலிவு, வைத்தியர் தெருவுக்குத் தெரு.

திருத்தம் உங்கள் கையில்தான். இப்படி ஒரு சட்டம் போட்டு விளையாடிப் பாருங்கள்: வாள் எடுப்பதில்லை, மறைகத்தி மட்டும். மருந்தும் புகைக்குண்டும் வாங்குவதில்லை. யாராவது கண்டு மணி அடித்தால் சண்டை இல்லை, ஓட்டம். உயிர்க்கட்டைகளைக் காட்டும் திரைக் குறிகளையும் செற்றிங்கில் நிறுத்திவிடுங்கள். அப்போதுதான் நஞ்சின் அருமை தெரியும். ஒரு காவலரை உரசிக்கொண்டு போகும்போது நஞ்சூசியைக் குத்திவிட்டு நடந்துகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் வெறிபிடித்ததுபோல் வாளைச் சுழற்ற, மற்றக் காவலர்கள் அவரைப் பார்க்க ஓடுவார்கள். வாசல் காலி.

ஒளிஞ்சே ஆகவேண்டிய பணி ஒண்டும் இல்லையா?

இருக்கிறது. நல்லது 1486 வெனிஸ் கார்னிவல். கொல்ல வேண்டியவர் வெனிஸின் ஆட்சித் தலைவரான டோஜே மார்க்கோ பார்பரிகோ. விருந்துக்குப் போகத் தங்க முகமூடி வேண்டும். அதற்காக நடக்கும் போட்டிகளில் நீங்கள் வென்றாலும் களவாக முகமூடி வேறு ஆளிடம் போகும், ஆகவே அதைத் திருட வேண்டும். உள்ளே போனதும் காவலர்கள் உங்களைத் தேடுவார்கள், கண்டால் பணி தோற்றது. ஒரு கணிகையர் கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்கு, காவலர் முகம் திருப்பும் இடைவெளியில் நகர வேண்டும். மார்க்கோ நிற்பது படகில். கிட்டப் போக முடியாது, மணிக்கட்டுத் துப்பாக்கிதான் வழி. ஆனால் வெடிச்சத்தம் காட்டிக்கொடுக்கும். வாணவெடி வெடிக்கும் கணத்தோடு சேர்த்துச் சுட வேண்டும். குறி இறுகச் சில நொடி எடுக்கும், ஆகவே வாணம் வெடித்த பிறகு குறிபார்க்கத் தொடங்கினால் பிந்திவிடும். முன்னரே குறியைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

கூட்டம், உடை, சத்தம், நேரம் எல்லாம் ஒரே முடிச்சில் சேரும் பணி இது. முழுக் கேமையும் இப்படிச் செய்திருக்கலாம். பதிலாக, ஒருவரின் பின்னால் பத்தடி விட்டு நடந்துகொண்டே இருக்கும் பணிகள்தான் அதிகம்.

கதையில வாற சரித்திரம் உண்மையா? சோதினைக்கு உதவுமா?

சாதாரண தரச் சரித்திரத்தில் மறுமலர்ச்சிக் காலம் வருவதால் இந்தக் கேள்வி ஓயாது. சுருக்கமாக: ஆட்களும் திகதிகளும் பெரும்பாலும் உண்மை, கொன்றது யார் என்பது கற்பனை.

புளோரன்ஸை ஆண்ட மெடிச்சிக் குடும்பத்துக்கு எதிரான பாட்சி சதியை எடுங்கள். 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை, புளோரன்ஸ் பேராலயத்தில் பூசை நேரம் ஜூலியானோ தெ மெடிச்சியைக் குத்திக் கொன்றார்கள். தமையன் லொரென்சோ கழுத்துக் காயத்தோடு தப்பினார். கேமில் தாக்குதல் பேராலயத்துக்கு வெளியே நடக்கும், லொரென்சோவைக் காப்பாற்றுவது எசியோ. குத்தியவர்களில் ஒருவரான பெர்னார்தோ பரொஞ்செல்லி உண்மையில் கொன்ஸ்தாந்திநோபிள் வரை தப்பியோடி, பிடித்துக் கொண்டுவரப்பட்டு 1479இல் தூக்கிலிடப்பட்டவர். தொங்கிய உடலை லியொனார்தோ டா வின்சி வரைந்த ஓவியம் இன்றும் இருக்கிறது. கேமில் அவரை சான் ஜிமிஞ்ஞானோவில் நீங்களே கொல்வீர்கள்.

ரொட்ரிகோ போர்ஜா 1492இல் ஆறாம் அலெக்சாந்தர் என்ற பெயரில் பாப்பரசரானது உண்மை. 1499இல் அவரோடு வத்திக்கானில் கைகலப்பு நடந்தது கேமில் மட்டும். விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இந்தக் காட்சி சிலரின் மனதை நோகச் செய்யலாம், முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

11க்குப் பிறகு 14ஆம் பகுதிக்குப் போகுது. பழுதா?

பழுதல்ல, பேராசை. முதலில் கொன்சோல்களுக்கு வந்தபோது 12, 13ஆம் பகுதிகளை வெட்டி எடுத்துப் பிறகு தனியாக விற்றார்கள். போர்லி நகரச் சண்டையும் சவொனரோலா என்ற துறவியின் கதையும் அதில். கணினிப் பதிப்பில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன.

கடைசிப் பணிக்குப் போக விடுதில்லை?

கோடெக்ஸ் என்ற பழைய ஏட்டின் தாள் 30ம் சேர்த்தாக வேண்டும். கதையால் வருபவை போக மிச்சம் காவலர் நிற்கும் வங்கிகளில் இருக்கும். ஒவ்வொரு ஊரையும் விட்டுப் போக முன் அங்குள்ளதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முடிவுக்கு முன்னர் இத்தாலி முழுக்கத் திரும்ப அலையவேண்டும். நாலு தாளுக்கு ஒரு உயிர்க்கட்டை கூடும்.

100 இறகும் சேர்க்கலாமா?

வேண்டாம். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் இறகுகளை முழுவதும் சேர்த்தால் கிடைக்கும் மேலங்கியைப் போட்டால் எல்லா ஊரிலும் கெட்ட பெயர் நிறைந்தே இருக்கும். ஒளிந்து விளையாடுபவருக்கு அது பரிசல்ல.

அந்த நேரத்தில் பழைய அசாசின்களின் ஆறு கல்லறைகளுக்குப் போங்கள். சான் மார்க்கோக் கல்லறையில் நேரம் ஓடும், முதலில் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு நெம்புகோலைத் தொடுங்கள். ஆறு முத்திரையும் கிடைத்தால் முதல் கேமின் நாயகன் அல்தாயிரின் கவசம் திறக்கும். அது பழுதாகாது, ஆகவே கொல்லனிடம் திருத்தப் போகும் வேலை மிச்சம்.

காசு காணாது.

மொந்தெரிஜ்ஜோனியில் இருக்கும் எசியோ குடும்பத்தின் வில்லாவைத் திருத்துங்கள். 20 நிமிடத்துக்கொருமுறை பெட்டிக்குள் வருமானம் விழும். பெட்டி நிரம்பினால் நின்றுவிடும், ஆகவே இடைக்கிடை எடுக்க வேண்டும். பாதிக் கேமுக்குப் பிறகு காசு என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கும், அதுவும் ஒரு குறைதான்.

சின்னப் பிள்ளைகள் விளையாடலாமா?

ஐரோப்பிய வகைப்படுத்தலில் இது 18 வயது. இரத்தம், கணிகையர் விடுதி இரண்டும் உண்டு. அவற்றைவிடத் தொடக்கத்தில் தகப்பனும் சகோதரங்களும் பிள்ளையின் கண் முன்னால் தூக்கில் தொங்கும் காட்சி இருக்கிறது. அதைத் தாங்கமுடியாதவர்கள் எங்கள் வீடுகளில் பெரியவர்களிலும் இருக்கிறார்கள். ஹோலில் சத்தமாகப் போடாமல் விளையாடுங்கள்.

பண்டார வன்னியனை வைச்சு இப்படி ஒண்டு செய்யேலாதா?

கதைக்குக் குறைவில்லை. 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவில் பிரித்தானியர் வைத்திருந்த கோட்டையைப் பிடித்தவர். ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியரின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றதாகச் சொல்லும் நடுகல் ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் வைக்கப்பட்டது. சிக்கல் நிலத்தில். இந்தக் கேம் கூரைகளாலும் ஆட்கூட்டத்தாலும் ஆனது, அன்றைய வன்னியில் இரண்டும் குறைவு. இத்தொடரில் வந்த ‘அசாசின்ஸ் கிறீட் 3’ 2012இல் அமெரிக்கக் காட்டு மரங்களில் ஓடவிட்டது, ஆனால் அவர்கள் போட்டு வைத்த கிளைவழியால்தான் போகலாம். 2020இல் வந்த ‘கோஸ்ட் ஒஃப் சுஷிமா’ உயரமான புல்லுக்குள் ஒளிக்க விட்டது. வன்னிக்குப் பொருந்துவது அதுதான்: குளக்கட்டின் பின்சரிவு, நாணற்பற்றை, கதிர்முற்றிய வயல். வயலுக்குள் ஊர்ந்தால் கதிர் ஆடும், மேலே கொக்குக் கூட்டம் எழும்பும், காவலுக்கு நிற்பவன் அதைத்தான் பார்ப்பான். கொக்கு எழும்பாமல் போகப் பழகுவதே அந்தக் கேமின் முதல் பாடமாக இருக்க வேண்டும்.